இர்மா போட்ட கையெழுத்து

மார்ல்டன் ஊரில் ஃபிரிட்ஜ் என்ற சொல்லே புழக்கத்தில் இல்லை. "பிரென்டல்ல பால் இருக்கா?" என்றுதான் கேட்பார்கள். அமெரிக்காவில் பாதி வீடுகளில் அந்தப் பெட்டிதான் நின்றது. ஒஹையோ ஆற்றங்கரையில் நீண்டு கிடந்த பிரென்டல் ஆலையின் சோதனைக்கூடத்தில் இர்மா பிலார்ஸ்கி இருபத்தாறு வருடம் வேலை பார்த்தாள். கடைசி ஒன்பது வருடம் அதற்கு அவள்தான் தலைவி.

அவள் சேர்ந்த காலத்தில் பெட்டியைக் குளிரவைக்கும் கம்ப்ரசர் எது புதிதாக வந்தாலும் கொதிக்கிற அறையில் ஒரு வருடம் ஓடவிட்டுப் பார்ப்பார்கள். தலைமையகம் சிகாகோவுக்குப் போனதும் அது ஆறு மாதமானது. பிறகு பத்து வாரம். மேலே இருந்தவர்களில் ஒருவர் சோடா விற்றவர், இன்னொருவர் ஓட்டல் நடத்தியவர். ஃபிரிட்ஜைத் திருகிப் பார்த்தவர் ஒருவருமில்லை. மிச்சம் பிடித்த பணத்தில் கம்பெனி தன் பங்குகளைத் தானே வாங்கியது. பங்கு விலை ஏறியது. மேலே இருந்தவர்களின் போனஸும் ஏறியது.

அந்த ஜனவரியில் விலை குறைந்த புது கம்ப்ரசர் ஒன்று வந்தது. எட்டாவது வாரத்தில், ஓடிக்கொண்டிருந்த நாற்பதில் பதினொன்று நின்றுவிட்டன. இர்மாவோடு பத்தொன்பது வருடம் வேலை பார்த்த ஓட்டிஸ் ஒன்றை அறுத்துத் திறந்தான்.

"எண்ணெய் எப்படிக் கருகியிருக்கு பாரு. ஒரு கோடை தாங்காது இது."

'விற்கக் கூடாது' என்று எழுதி, சிவப்புக் குறி போட்டு, இர்மா அறிக்கையை மேலே அனுப்பினாள். மறுநாள் பிரிவுத் தலைவர் கிரெய்க் அவளைக் கூப்பிட்டார். நான்கு வருடத்தில் அந்த நாற்காலிக்கு வந்த மூன்றாவது ஆள்.

"'கூடாது'ன்னு எதுக்கு எழுதுறீங்க? 'கவனிக்கணும்'னு மாத்துங்க. மஞ்சள் போதும்."

"பதினொண்ணு செத்துப்போச்சு, கிரெய்க்."

"இருபத்தொம்பது ஓடுதில்ல? சிகாகோவுல சிவப்பைப் பாத்தா மெஷினை மாத்த மாட்டாங்க, ஆளைத்தான் மாத்துவாங்க. முதல்ல என்னை, அடுத்தது உங்களை."

இர்மாவுக்கு வீடு ஞாபகம் வந்தது. கணவன் வால்ட் இருபது வருடம் இதே ஆலையில் பெயின்ட் அடித்து நுரையீரலைத் தொலைத்தவன். அவன் மருந்தும் ஆக்சிஜனும் அவளுடைய கம்பெனி இன்ஷூரன்ஸில்தான் வந்துகொண்டிருந்தன. மாற்றிய தாளில் கையெழுத்துப் போட்டாள். இரண்டாவது கையெழுத்து ஓட்டிஸ் போட வேண்டியது.

"நான் போட மாட்டேன்," என்றான்.

"பேருக்குத்தான், ஓட்டிஸ்."

"அது என் பேரு, இர்மா. பேருக்குன்னு எப்படிப் போடுறது?"

அவன் கையெழுத்து இல்லாமலே தாள் போனது. அடுத்த மாதக் கூட்டத்தில் சிகாகோக்காரர்கள் திரையில் காட்டிய பட்டியலில் அந்த கம்ப்ரசருக்கு எதிரே இருந்தது பச்சைக் குறி. வழியில் யார் மாற்றினார்கள் என்று யாரும் கேட்கவில்லை. அவளும் கேட்கவில்லை.

ஜூனில் தரவரிசை வந்தது. எல்லோரும் நன்றாக வேலை பார்த்தாலும், ஒவ்வொரு பிரிவும் கடைசி ஆள் என்று ஒருவரை எழுதிக் கொடுத்தே ஆக வேண்டும். அவருக்கு வேலை போய்விடும். சோதனைக்கூடத்தில் இர்மாவின் கீழே ஆறு பேர்.

"இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றார் கிரெய்க். "சொன்னதைக் கேக்காத ஆள் ஒருத்தர் இருக்காரே."

மூன்று நாள் அந்தப் படிவம் மேசை டிராயரில் கிடந்தது. வியாழக்கிழமை அவள் ஓட்டிஸின் பெயரை எழுதினாள்.

மறுநாள் காலை பத்து மணிக்குக் கம்பெனிக் காவலர் இருவர் அட்டைப்பெட்டியோடு வந்தார்கள். ஓட்டிஸ் தன் காப்பிக் கோப்பையையும் கண்ணாடியையும் அதில் வைத்தான். போகிறபோது அவளைப் பார்த்து, "நாலாம் ரூம்ல சூடு இறங்குது, கவனிச்சுக்கோ," என்று மட்டும் சொன்னான்.

அதன்பிறகு மற்ற ஐந்து பேரும் அவளிடம் எந்தக் குறையும் கொண்டுவரவில்லை. கேட்டால், "எல்லாம் நல்லா ஓடுது" என்றார்கள். அது பொய் என்று அவளுக்குத் தெரியும். நானும் மேலிடமாகிவிட்டேன் என்று தோன்றியது.

அடுத்த கோடையில் நாடெங்கும் பெட்டிகள் நின்றன. பால் திரிந்தது, இறைச்சி நாறியது. கடைக்காரர்கள் வேறு கம்பெனிப் பெட்டிகளை முன்வரிசைக்குக் கொண்டுவந்தார்கள். சிகாகோவிலிருந்து விசாரணைக்கு வந்த ஒருவர், மாற்றி எழுதிய தாளை அவள் முன் வைத்தார்.

"இது உங்க கையெழுத்துதானே?"

இர்மா பத்திரமாக வைத்திருந்த முதல் அறிக்கையை எடுத்து நீட்டினாள். அவர் பொறுமையாகவே படித்தார்.

"இதை யார்கிட்ட குடுத்தீங்க?"

"கிரெய்க்கிட்ட."

"அவர் போன வருஷமே டயர் கம்பெனிக்குப் போயிட்டாரே. இன்னும் பெரிய பதவி." தாளை அவளிடமே திருப்பிக் கொடுத்தார். "இதுல உங்க கையெழுத்து இருக்கு. அதுலயும் இருக்கு. வித்தது அதை வெச்சுத்தான்."

அன்றே அவளை அனுப்பிவிட்டார்கள். எட்டு மாதத்தில் ஆலையையும் மூடினார்கள். இரண்டாயிரம் பேர் வெளியே வந்தார்கள். பிரென்டல் என்ற பெயரை மட்டும் யாரோ விலைக்கு வாங்கி, எங்கேயோ செய்த பெட்டிகளில் ஒட்டினார்கள். வேலையோடு இன்ஷூரன்ஸும் போயிற்று. வால்ட் தன் மாத்திரையைக் கத்தியால் பாதியாக வெட்டிச் சாப்பிட ஆரம்பித்தான்.

குளிர்காலத்தில் ஒருநாள் குழாய் வாங்கப் போன கடையில் ஓட்டிஸைப் பார்த்தாள். பெயின்ட் கலக்கும் மேசைக்குப் பின்னால் ஏப்ரன் கட்டி நின்றான்.

"உன் பேரை எழுதிக் குடுத்தது நான்தான், ஓட்டிஸ்."

"தெரியும். அன்னிக்கே தெரியும்."

"ஒரு வார்த்தை திட்டியிருக்கலாமே."

"திட்டி?" வாளியின் மூடியைத் தட்டி அழுத்தினான். "வால்ட் எப்படி இருக்கான்?"

இர்மா கையிலிருந்த குழாயை மேசைமேல் வைத்தாள். அவளுக்குப் பின்னால் நின்றவர் நிற அட்டையை நீட்டினார். ஓட்டிஸ் அதை வாங்கிக்கொண்டு, "எத்தனை கேலன் வேணும்?" என்று அவரைக் கேட்டான்.