மண்டி வாசலில் மறியல்

எழுபத்து நான்காம் வருடம், மழை பொய்த்திருந்தது. தர்மபுரிச் சந்தையில் கேழ்வரகு கிடைப்பதே அரிதாக இருந்தது. கிடைத்தாலும் விலையைக் கேட்டுவிட்டு வெறும் பையோடு திரும்ப வேண்டியதுதான். அரசை எதிர்த்துப் பெரிய மறியல் நடத்த எதிர்க்கட்சிக்காரர்கள் தங்கள் அலுவலகத்தில் கூடினார்கள்.

நகரச் செயலாளர் சென்னப்பன் திட்டத்தைச் சொன்னார். திங்கட்கிழமை கடையடைப்பு. சித்தேரி, வத்தல்மலை அடிவாரங்களிலிருந்து லாரியில் ஆட்கள். பஸ் ஸ்டாண்டிலிருந்து ஊர்வலம், கலெக்டர் ஆபீஸ் முன்னால் மறியல்.

மகளிர் அணித் தலைவி நஞ்சம்மாள் எழுந்தாள். கட்சிக்காக இரண்டு முறை ஜெயிலுக்குப் போனவள்.

"நம்ம பொருளாளர் பச்சியப்பன் மண்டியில கேழ்வரகு மூட்டை கூரை முட்ட கெடக்குதுங்க. அங்க ஏன் மறியல் இல்லீங்க?"

முன்வரிசையில் இருந்த பச்சியப்பன் விசிறுவதை நிறுத்தினார்.

"லாரி யாருது? போஸ்டர் யாரு அடிச்சது?" என்றார் சென்னப்பன். "நம்ம ஆளு மேலயே கை வெக்கச் சொல்றியா?"

"ஊரே பட்டினி கெடக்குதுங்கண்ணே. பதுக்குறவன் எந்தக் கட்சியா இருந்தா என்ன?"

"மொதல்ல ஆட்சியைப் புடிப்போம். அப்புறம் பாத்துக்கலாம், உக்காரு."

நஞ்சம்மாள் உட்கார்ந்தாள். பக்கத்தில் இருந்த ஹாஜிரா, தையல்காரர் முனாபின் மனைவி, அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்க வூட்டுல கூழுக்கே வழியில்லக்கா. நீ எங்க உக்காந்தாலும் எங்க தெருப் பொம்பளைங்க வருவோம்."

திங்கட்கிழமை ஊர்வலம் கடைவீதிக்கு வந்ததும், கொடியோடு முன்னால் நடந்த நஞ்சம்மாள் சட்டென்று திரும்பி மண்டி வாசலில் போய் உட்கார்ந்தாள். பெண்கள் அவளைச் சூழ்ந்து உட்கார்ந்தார்கள். மலையடிவாரத்திலிருந்து வந்தவர்களும் அங்கேயே நின்றுவிட்டார்கள்.

சென்னப்பன் இன்ஸ்பெக்டரைக் கூட்டிக்கொண்டு ஓடிவந்தார். "இவங்க எங்க கட்சி இல்லீங்க சார். அப்புறப்படுத்துங்க."

"ஜெயிலுக்குப் போறப்ப மட்டும் உங்க கட்சிங்களா?" என்றாள் நஞ்சம்மாள்.

பெண்களை வேனில் ஏற்றினார்கள். கூட்டம் கலையவில்லை. பிற்பகலில் தாசில்தார் வந்து மண்டியைத் திறக்க வைத்தார். இருட்டும்வரை அரசு விலைக்குக் கேழ்வரகு அளந்து கொடுத்தார்கள்.

மீதிப் பேரோடு போய்க் கலெக்டர் ஆபீஸ் முன்னால் மறியல் செய்து கைதான சென்னப்பன் அன்று மாலையே மாலையும் கழுத்துமாக வெளியே வந்தார். பெண்கள் ரிமாண்டில் இருந்தார்கள். நஞ்சம்மாள் வெளியே வந்தபோது, கட்டுப்பாட்டை மீறியதற்காக அவளைக் கட்சியிலிருந்து நீக்கியிருந்தார்கள். பச்சியப்பன் பொருளாளராகவே இருந்தார்.

அவள் நேராக மாடியில் இருந்த கட்சி அலுவலகத்துக்குப் போனாள். அடுத்த போராட்டத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"நீக்குனது நீக்குனதாவே இருக்கட்டுங்க. மறுபடி மூட்டை பதுங்குச்சுன்னா மறுபடி வருவோம். அதச் சொல்லத்தான் வந்தேன்."

பச்சியப்பன் எழுந்து போய் ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தார். கீழே ஹாஜிராவும் பெண்களும் நின்றிருந்தார்கள்.