நிற்காத ரம்பம்

அந்த ஆயுத பூஜை அன்று மண்டி மொஹல்லா மரப் பட்டறையில் இருந்தவர்கள் முதலாளி சீனிவாசன், அவர் மனைவி லீலா, இழைப்பு மெஷினில் நிற்கும் நஞ்சுண்டசாமி, ரம்பத்தில் நிற்கும் அவருடைய அண்ணன் மகன் சேகரன், பாலிஷ் போடும் செந்தில்நாதன், மரத்தூள் கூட்டும் சித்தம்மா. வேறு யாரும் இல்லை. கண்ணால் பார்த்ததாகப் பின்னால் சொன்னவர்கள் எல்லாம் அன்று தங்கள் ஸ்கூட்டரைக் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

புது ரம்ப மெஷினுக்குத்தான் பெரிய மாலை. விரல் பட்டால் கண் இமைக்கும் முன் நின்றுவிடும் மெஷின் அது. உடம்பு தொட்டதும் உள்ளிருந்து ஓர் அலுமினியக் கட்டை பாய்ந்து பிளேடைக் கவ்வும். அதோடு கட்டையும் பிளேடும் பாழ். அப்படியொரு மெஷின் இருந்தால்தான் ஆர்டர் என்று பெங்களூர்க் கம்பெனி சொன்னதால் சீனிவாசன் வாங்கினார்.

லாரிச் சக்கரத்தில் எலுமிச்சை நசுக்குவதுபோல இதிலும் முதல் வெட்டு எலுமிச்சையாக இருக்கட்டும் என்றாள் லீலா. சேகரன் பழத்தைக் கையில் பிடித்து ரம்பத்துக்குக் கொடுத்தான். ஈரப் பழமும் கையும் சேர்ந்து மெஷினுக்கு ஓர் உடம்பாகப் பட்டிருக்கிறது. வெடித்ததுபோல் ஒரு சத்தம். ரம்பம் மேஜைக்குள் இறங்கி நின்றுவிட்டது. அவன் விரலில் கீறல்கூட இல்லை.

"பூஜை அன்னைக்கே உயிரை விட்டுடுச்சே" என்றாள் லீலா.

புதுக் கட்டையும் பிளேடும் வந்து பொருத்தியதும் சீனிவாசன் பக்கவாட்டுச் சாவியைத் திருப்பி ரம்பத்தைத் தானாக நிறுத்தும் அந்தக் காவலை அணைத்தார். சாமராஜநகரிலிருந்து வரும் பலா மரம் ஈரமாக இருக்கிறது, அதையும் உடம்பென்று எடுத்துக்கொள்ளும், தினமும் ஒரு பிளேடைப் பாழாக்க முடியாது என்றார். சாவியை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கம்பெனிக்காரர்கள் வரும் நாளில் மட்டும் அது வெளியே வரும்.

கார்த்திகையில் ஒரு பலாப் பலகை கணுவில் சிக்கித் துள்ளியது. சேகரனின் வலது கை உள்ளே போனது. ரம்பம் நிற்கவில்லை. நஞ்சுண்டசாமி ஓடிப்போய் சுவிட்சை அணைத்தபோது மூன்று விரல்கள் மரத்தூளில் கிடந்தன. சித்தம்மா அவற்றை முந்தானையில் எடுத்தாள். ஒட்ட முடியாது என்றார் டாக்டர்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் சீனிவாசன் நஞ்சுண்டசாமியிடம் தணிந்த குரலில் பேசினார். இன்ஷூரன்ஸ்காரர் வருவார், சேகரனே காவலை அணைத்தான் என்று சொந்தச் சித்தப்பா சொல்லிவிட்டால் பட்டறை தப்பிக்கும், அவனுக்கும் பிறகு ஏதாவது செய்யலாம் என்றார்.

"எங்க பையன் திருட்டுத்தனம் பண்ணினான்னு நான் சொல்லோணுமா, சார்?"

"திருட்டுன்னு யாரு சொன்னா? அவசரத்துல பண்ணிட்டான்னு சொல்லுங்க. பெரியவங்க நீங்க சொன்னா ஒத்துக்குவாங்க."

"சாவி உங்க பாக்கெட்டுல இருக்குது. அவன் எதுல திருப்புனான், பல்லுலயா?"

இன்ஷூரன்ஸ்காரர் வந்த நாளில் சாவி மெஷினிலேயே தொங்கியது. தான் பாலிஷ் அறையில் இருந்ததாகச் செந்தில்நாதன் சொன்னான். தனக்குக் கூட்டத்தான் தெரியும் என்றாள் சித்தம்மா. நஞ்சுண்டசாமி நிமிர்ந்து நின்று நடந்ததைச் சொன்னார். சொந்தக்காரர் அப்படித்தான் சொல்வார் என்று இன்ஷூரன்ஸ்காரர் அதைத் தள்ளிவிட்டார்; பழி சேகரன் மேலேயே நின்றது. மறுநாள் இழைப்பு மெஷினில் வேறொருவன் நின்றான்.

சேகரன் மனைவி அஞ்சலை அவன் இடது கையில் கரண்டியைத் திணித்துக்கொண்டே சொன்னாள்: "ஒரு பொய் சொல்லியிருந்தா கஞ்சிக்காச்சும் ஆயிருக்கும், மாமா. இப்ப உங்க மீசை மட்டுந்தான் நேரா நிக்குது."

அவள் சொன்னதில் தப்பில்லை என்று நஞ்சுண்டசாமிக்குத் தெரியும். மறுபடி யாராவது கேட்டாலும் அவர் அதையேதான் சொல்வார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

பட்டறை கேட் அருகே, கவிழ்த்த பெயிண்ட் டப்பாமேல் சேகரன் காலையிலிருந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, முதலாளி அவனுக்கு வாட்ச்மேன் வேலை கொடுத்துவிட்டார் என்று மண்டி மொஹல்லாவில் சொல்கிறார்கள். கொடுக்கவில்லை. ஏதாவது செய்வாரா என்று கேட்க, சீனிவாசனுக்காக அவன் காத்திருக்கிறான்.