பின்சக்கரத்தில் ஒரு செங்கல்

பிரேக் பெடல் நான்காவது முறையாகத் தரையைத் தொட்டது.

"பஞ்சு மாதிரி உள்ள போகுதுப்பா," என்றாள் சுபிக்ஷா, ஓட்டுநர் இருக்கையிலிருந்து.

முன்சக்கரங்கள் கழற்றப்பட்ட காரின் அருகே, பழைய செய்தித்தாளை விரித்துப் படுத்திருந்தார் மதியழகன். டெல்லியில் ஓர் அமைச்சகத்தில் முப்பது ஆண்டுகளாகக் கோப்பு பார்ப்பவர் அவர். ஒரு காகிதம் சரியாக இருந்தால், ஏன் இவ்வளவு சரியாக இருக்கிறது என்று யோசித்துப் பழகியவர்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் தாண்டிவிட்டது. மறுநாள் காலை மகள் இந்தக் காரை முதன்முறையாகத் தனியாக ஓட்டிக்கொண்டு போய் குருகிராமில் வேலைக்குச் சேர வேண்டும். நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவே அவள் இந்தப் பெடலை மிதிப்பதை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. நினைக்காமல் இருக்கவும் முடியவில்லை.

ஒரு மாதமாகவே பிரேக் பிடித்தால் வண்டி இடப்பக்கம் இழுத்தது. சக்கரத்தருகே கருகல் வாடை. சக்கரத்தோடு சுழலும் தட்டைக் கவ்விப் பிடித்து வண்டியை நிறுத்துகிற காலிப்பருக்குள் பிஸ்டன் துருவேறிச் சிக்கியிருந்தது. மெக்கானிக்கிடம் போக அவருக்கு மனமில்லை. முன்பு ஒருமுறை, தன் நல்ல பேட்டரியை எடுத்துக்கொண்டு பழையதை வைத்துவிட்டார்கள் என்று நம்பினார். நிரூபிக்க முடியாததாலேயே அந்த நம்பிக்கை இறுகிப்போயிருந்தது. அதனால் உதிரிபாகக் கடைகள் இருக்கும் கஷ்மீரி கேட்டுக்குப் போய் ரப்பர் சீல்களும் பிரேக் ஆயிலும் வாங்கிவந்து, ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸ் வாசலில் தானே காரை ஜாக்கில் ஏற்றினார்.

சனிக்கிழமை அவர் முதல் போல்ட்டைத் தளர்த்தும்போதே ரத்தினவேல் வந்து நின்றார். எதிர் பிளாக்கில் இருப்பவர். அமைச்சகக் கார் ஓட்டுநர். வேப்பமர நிழலில் யார் வண்டி நிற்பது என்பதில் இருவருக்கும் இரண்டு வருடமாக மனத்தாங்கல்.

"ஒரு பக்கத்த முழுசா முடிச்சு மாட்டிட்டு அடுத்ததக் கழட்டுங்க சார். ரெண்டையும் ஒண்ணாக் கழட்டாதீங்க," என்றார் ரத்தினவேல்.

மதியழகன் தலையசைத்தார். ரத்தினவேல் போன பிறகு அந்த வாக்கியத்தை எல்லாப் பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கேட்காமலே ஏன் சொல்ல வேண்டும்? ஒரு காலிப்பரை மாடிக்கு எடுத்துப்போய்ச் சுத்தம் செய்கிற நேரத்தில் இன்னொன்று கீழே, ஆளில்லாமல், காரிலேயே தொங்கும். அதில் யாருக்கு என்ன லாபம்?

இரண்டையும் கழற்றினார். ஒரே பிளாஸ்டிக் டப்பில் போட்டு மாடிக்குக் கொண்டுபோனார். பால்கனியில் உட்கார்ந்து கால்பம்பால் காற்றடித்துப் பிஸ்டன்களை வெளியே தள்ளி, துருவைத் தேய்த்து, புது சீல் போட்டார். இரவு டப்பை பீரோவுக்குள் வைத்துப் பூட்டினார். மனைவி மங்களம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "நக உள்ள இருக்கறப்பகூட பீரோவப் பூட்டினதே இல்ல நீங்க," என்றாள்.

ஞாயிறு காலை இரண்டையும் பொருத்தியாகிவிட்டது. ஆயில் ஊற்றி, சுபிக்ஷா பெடலை மிதிக்க மிதிக்க, காற்று வெளியேறும் நிப்பிளைத் திறந்து மூடியாகிவிட்டது. குழாயில் குமிழிகள் வந்தன, நின்றன, சுத்தமான ஆயில் வந்தது. எங்கும் ஒழுகல் இல்லை. ஆனால் பெடல் நிற்கவில்லை.

ஆயில் போலியோ என்று கண்ணாடி போட்டுக்கொண்டு பாட்டிலின் அச்செழுத்துகளை வாசித்தார். எழுத்துப்பிழைகூட இல்லை. அதுவே அவரை உறுத்தியது. பிறகுதான் நினைவு வந்தது. பகல் சாப்பாட்டின்போது ஜன்னல் வழியாகப் பார்த்தாரே, காரின் பின்பக்கம் ரத்தினவேல் குனிந்து நின்றதை.

மகளிடம் சொன்னார்.

"பஸ் கரோப்பா, போதும். அங்கிள் ஏன் பண்ணப் போறார்?"

அவர் எழுந்து எதிர் பிளாக்குக்குப் போனார். ரத்தினவேல் கதவைத் திறந்து உள்ளே வரச் சொன்னார். மதியழகன் வாசலிலேயே நின்றார்.

"மத்தியானம் என் வண்டிகிட்ட குனிஞ்சு என்ன பண்ணீங்க?"

ரத்தினவேல் அவர் முகத்தையே பார்த்தார்.

"பின்சக்கரத்துக்கு அண்டக் கொடுக்காம விட்டிருந்தீங்க. ஒரு செங்கல் வெச்சேன்," என்றார். கதவைச் சாத்திக்கொண்டார்.

திரும்பி வந்து பார்த்தபோது செங்கல் இருந்தது. சக்கரத்தோடு ஒட்டி, அழுத்தமாக. காலையில் ஹேண்ட் பிரேக்கை மட்டும் நம்பி இந்த வண்டிக்குப் பக்கத்தில் எத்தனை நேரம் படுத்திருந்தோம் என்று யோசித்தார். செங்கல்லைத் தொட்டார், நகர்த்தவில்லை.

செய்தித்தாள் மேல் உட்கார்ந்தார். காருக்குள் சுபிக்ஷா போனில் எதையோ தள்ளிக்கொண்டிருந்தாள். பிறகு இறங்கி வந்து, திரையைப் பெரிதாக்கி அவர் முன் நீட்டினாள். கழற்றுவதற்கு முன் அவள் எடுத்த படம். அதில் நிப்பிள் காலிப்பரின் உச்சியில், வானத்தைப் பார்த்து நின்றது.

இப்போது அது அடியில், தரையைப் பார்த்திருந்தது. மறுபக்கம் போய்ப் பார்த்தார். அங்கும் அடியில்.

டப்புக்குள் இடது எது, வலது எது என்று அவர் குறித்து வைக்கவில்லை. ஒவ்வொன்றும் எதிர்ப்பக்கத்தில் மாட்டியிருந்தது. காற்று மேலே தங்கிப் பெடலைப் பஞ்சாக்க, கீழே திறந்த வாய் வழியாக வெறும் ஆயில்தான் வந்துகொண்டிருந்தது. ஒரு பக்கத்தைக் கழற்றாமல் விட்டிருந்தால் அதைப் பார்த்தே அடுத்ததை மாட்டியிருக்கலாம்.

இரண்டையும் இடம் மாற்றினார். இம்முறை குமிழிகள் வந்துகொண்டே இருந்தன. பெடல் பாதி வழியில் கல்லாக நின்றது. சக்கரங்களை மாட்டி வண்டியை இறக்கினார். வெயில் சாய்ந்திருந்தது. மகள் சாவியைக் கேட்டாள். கொடுக்கவில்லை. மறுபடியும் எதிர் பிளாக்குக்குப் போனார்.

"மாத்தி மாட்டிட்டேன்," என்றார்.

"அதுக்குத்தான் ஒண்ணொண்ணாக் கழட்டச் சொன்னேன்."

மதியழகன் சாவியை நீட்டினார். "நாளைக்கு பொண்ணு ஓட்டப்போறா. ஒருதடவ ஓட்டிப் பாத்துச் சொல்லுங்க."

ரத்தினவேல் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினார். செங்கல்லைக் காலால் தள்ளிவிட்டு வண்டியை எடுத்தார். மெதுவாக நகர்த்தி, நிறுத்தி, மறுபடி நகர்த்தி, கோடித் திருப்பத்தில் மறைந்தார். மதியழகன் சாலையோரம் நின்றார். ஐந்து நிமிடமாயிற்று, பத்தாயிற்று. எங்கே போனான் இவ்வளவு நேரம் என்று மனதுக்குள் ஒரு குரல் கேட்டது. அதை அடக்கப் பார்த்தார்.

கார் திரும்பியது. வேப்பமரத்தை நோக்கி, அவர் நின்ற பக்கமாகவே நேராக, வேகம் குறையாமல் வந்தது. பிறகு முன்பக்கம் லேசாகத் தாழ, எந்தப் பக்கமும் இழுக்காமல், அவருக்குப் பத்தடி தள்ளி நின்றது.

"நல்லாப் பிடிக்குது. பாப்பா எடுத்துட்டுப் போகட்டும்," என்றார் ரத்தினவேல், இறங்கிச் சாவியைக் கொடுத்தபடி.

அவர் பார்வை மதியழகனின் காலில் இருந்தது. மதியழகனும் குனிந்து பார்த்தார். தன்னையறியாமல் இரண்டடி பின்னால் போயிருந்தார். ஒரு கால் நடைபாதை மேல் ஏறியிருந்தது.

ரத்தினவேல் செங்கல்லை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.