உயிருடன் விடப்பட்டது

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கே நாணலேரிக் கரையில் மூன்று கார்கள் வந்து நின்றுவிட்டன. ராமதாஸ் காக்கி பேன்ட்டை முட்டிக்கு மேல் சுருட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கி நின்றான். தூண்டில் போட வந்தவர்களுக்கு மீன் மாட்டினால் அதை வாங்கி, முள்ளைக் கழற்றி, நீளம் அளந்து, படம் எடுத்து முடிக்கும்வரை நழுவவிடாமல் பிடித்து, கடைசியில் தண்ணீரில் விடுவது அவன் வேலை. விரால் எல்லோர் கையிலும் நிற்காது. ராமதாஸின் கை இதே ஏரியில் முப்பது வருஷம் தூண்டில் போட்ட கை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஏரியைப் பாதுகாக்கப்பட்ட பகுதி என்று அறிவித்தார்கள். பறவையும் மீனும் பெருக வேண்டும், ஊர்க்காரர்கள் வலையோ தூண்டிலோ போடக் கூடாது என்று ஒரு பலகை நட்டார்கள். பெருகட்டும், யார் வேண்டாம் என்றது? மறு வருஷமே அதன் பக்கத்தில் இன்னொரு பலகை முளைத்தது. அனுமதிச் சீட்டு வாங்கியவர்கள் வார இறுதியில் விளையாட்டுக்காகப் பிடித்துவிட்டு, மீனை உயிருடன் விட்டுவிடலாமாம். ராமதாஸ் தூண்டில் கழிகளைப் பரணில் போட்டுவிட்டுக் காவலாளி வேலைக்கு மனுக் கொடுத்தான். ஊரில் பதினேழு பேர் கொடுத்ததில் அவனுக்குக் கிடைத்தது. ஒப்பந்த வேலைதான். அடுத்த மாசம் நிரந்தரப் பட்டியல் மேலே போகிறது, அதில் அவன் பெயர் இருப்பதாகப் பேச்சு.

"சார், அங்க போடாதீங்க," என்றான் ராமதாஸ்.

நாணல் ஓரமாக ஒரு முறம் அகலத்துக்குத் தண்ணீர் செக்கச்செவேலென்று கொதித்துக்கொண்டிருந்தது. விரால் குஞ்சுகள். அதைக் குறிவைத்துத்தான் அருணேஷ் ரப்பர் தவளையை வீசிக்கொண்டிருந்தான். பெங்களூரில் வேலை பார்ப்பவன். ராத்திரி பௌர்ணமிக்குக் கிரிவலம் சுற்றிவிட்டு, நெற்றி விபூதி கலையாமல் வந்திருந்தான்.

"குஞ்சுங்க சார் அது. தாயும் தகப்பனும் கீழயே காவல் நிக்கும். குஞ்சோட இருக்கிற விராலை எங்க ஊர்ல தொட மாட்டோம்."

"தெரியும்ணா. கிட்ட எது வந்தாலும் பாய்ஞ்சு கடிக்கும். அதனாலதான் போடறேன்." அருணேஷ் சிரித்தான். "நாங்க என்ன சாப்பிடவா போறோம், விட்டுடுவோம்ல. நான் இன்னைக்கு விரதம் வேற."

மூன்றாவது வீச்சில் தண்ணீர் வெடித்தது. முழங்கை தாண்டிய நீளம், நல்ல தாய். இரட்டை முள்ளும் தொண்டைக்குள் போய்ச் செவுளைக் கிழித்திருந்தது. ராமதாஸ் குறடால் கழற்றும்போது ரத்தம் மணிக்கட்டில் வழிந்தது. முதுகுத் துடுப்பில் 43 என்று எண் போட்ட மஞ்சள் வில்லையைக் குத்தினான். பிறகு படம். அருணேஷ் தனியாக ஒன்று, நண்பர்களோடு ஒன்று, பின்னால் அண்ணாமலை தெரிகிற மாதிரி இன்னொன்று. மீன் வாயைத் திறந்து திறந்து மூடியது.

தண்ணீரில் வைத்து முன்னும் பின்னும் ஆட்டிவிட்டதும் மீன் ஒரு பக்கமாகச் சாய்ந்தபடியே ஆழத்துக்கு இறங்கியது. கரையில் கைதட்டினார்கள். அது பொழுது சாயும்வரை தாங்காது என்று ராமதாஸுக்குத் தெரியும். பதிவேட்டை எடுத்தான். எண், நீளம், அதற்கடுத்து 'உயிருடன் விடப்பட்டது' என்ற கட்டம். வேறு கட்டம் அதில் கிடையாது. எப்போதும்போல டிக் அடித்துக் கையெழுத்துப் போட்டான்.

அவன் மனைவி எல்லம்மாள் பதினோரு மணிக்குச் சோறு எடுத்துக்கொண்டு வந்தாள். மகள் சிந்துஜாவுக்கு ஆபரேஷன் பண்ணிக் குழந்தை பிறந்து பத்தொன்பது நாள் ஆகியிருந்தது. தையல் ஆறவில்லை, பாலும் ஊறவில்லை. குழந்தை சப்பிப் பார்த்துவிட்டுத் தொண்டை கட்டும்வரை அழுதது. பார்க்க வந்தவர்கள் எல்லோரும் சொல்லிவைத்ததுபோல ஒன்றையே சொன்னார்கள்: ஏரி விரால் ஒன்று குழம்பு வைத்துக் கொடு. சந்தையில் ஐஸ் பெட்டியில் வரும் கட்லாதான் இருந்தது. புருஷனிடம் கேட்டுப் பார்த்தாள். "காவலுக்கு இருக்கிறவனே கை வெச்சா அப்புறம் இன்னா மரியாதை கீது," என்று சொல்லிவிட்டான். அதற்குமேல் அவளும் கேட்கவில்லை.

சோற்றைக் கொடுத்துவிட்டு மறுகரை வழியாகத் திரும்பியவள் மதகுப் பக்கம் அந்த மீனைப் பார்த்தாள். வயிறு மேலாக மிதந்துகொண்டிருந்தது. செவுள் மட்டும் லேசாக அசைந்தது, கையில் எடுப்பதற்குள் அதுவும் நின்றுபோயிற்று. ஏரி குத்தகையில் இருந்த காலத்திலிருந்தே மிதந்த மீன் எடுத்தவருக்குத்தான். எவ்வளவு கறாரான குத்தகைக்காரனும் அதைக் கேட்டதில்லை. எல்லம்மாள் அதை ஒளிக்கவும் இல்லை. முந்தானையில் ஏந்திக்கொண்டு நேராக ராமதாஸ் இருந்த காவல் அறை வாசலுக்கே வந்தாள்.

"யோவ், இத பாரு. அந்த அண்ணாமலையாரே பார்த்துக் குடுத்தாரு," என்றாள். எத்தனையோ நாளைக்கப்புறம் அவள் முகத்தில் சிரிப்பு.

ராமதாஸ் பதில் சொல்வதற்குள் மேற்பார்வையாளன் அன்பரசன் அறையிலிருந்து வெளியே வந்துவிட்டான். மஞ்சள் வில்லையைத் திருப்பிப் பார்த்தான், பதிவேட்டைப் புரட்டினான்.

"நாப்பத்திமூணு. காலைல உயிரோட விட்டதா நீங்கதான் கையெழுத்துப் போட்டிருக்கீங்கண்ணா."

"மெதந்துச்சு சார், மதகுகிட்ட," என்றாள் எல்லம்மாள்.

"உயிரோட விட்ட மீனு மூணு மணி நேரத்துல எப்படிக்கா மெதக்கும்? திரும்பப் புடிச்சாதான் உண்டு."

அருணேஷைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். "சூப்பரா நீந்திப் போச்சு சார், வீடியோவே இருக்கு," என்றான். மீனைப் பார்த்ததும் அவனுக்கு உண்மையாகவே வருத்தமாகிவிட்டது. "அடப் பாவமே. எவ்ளோ அக்கறையா விட்டோம். இப்படிப் பண்ணிட்டீங்களேம்மா."

எல்லம்மாள் புருஷனைப் பார்த்தாள். "நீதானே வுட்ட. எப்படி இருந்துச்சுனு வாயைத் திறந்து சொல்லேன்யா."

ராமதாஸ் பதிவேட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். இந்த ஒரு வேலைக்காகத்தான் தூண்டிலைப் பரணில் போட்டான். அவன் சும்மா இருந்தால் பட்டியலில் பெயர் தங்கும், எல்லம்மாள் திருடி ஆவாள்.

"செவுளு கிழிஞ்சுபோச்சு சார். பொழைக்காதுனு தெரியும். தெரிஞ்சேதான் கையெழுத்துப் போட்டேன்."

"பொய்க் கையெழுத்துனு ஆயிடும்ணா. யோசிச்சுச் சொல்லுங்க."

"அதுல வேற எழுத எடம் இல்ல சார்."

அன்பரசன் பதிவேட்டை மூடினான். "மறைச்சா என் வேலையும் போயிடும்," என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, ராமதாஸின் அடையாள அட்டையையும் விசிலையும் வாங்கி மேஜை இழுப்பறைக்குள் போட்டான். எல்லம்மாள் மேல் புகார் எழுதவில்லை.

"மீனையாவது குடுங்க சார்," என்றாள் அவள். "செத்தது செத்துடுச்சு. வூட்ல புள்ள பெத்தவ கீறா."

"ரூல்ஸ்ல கெடையாதுக்கா. புதைக்கணும்."

புதைக்கிறதும் காவலாளி வேலைதான். அட்டை இல்லாமலே ராமதாஸ் வேலி ஓரம் குழி வெட்டினான். மீனை வைத்துச் சுண்ணாம்புத் தூளைத் தூவி மண்ணைத் தள்ளினான். எல்லம்மாள் காலிச் சோற்றுத் தூக்கைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். மகள் இரண்டு தரம் போன் பண்ணியும் அவள் எடுக்கவில்லை.

மண்வெட்டியைக் கழுவ ராமதாஸ் தண்ணீரில் இறங்கினான். நாணல் ஓரத்தில் காலையில் முறம் அகலத்துக்கு இருந்த சிவப்பு இப்போது உள்ளங்கை அகலம்தான் இருந்தது. ஒரு நீர்க்காகம் முங்கி எழுந்து, கொஞ்சம் தள்ளி மறுபடி முங்கியது.

"அண்ணா, ஒரு டவுட்டு," என்று பின்னாலிருந்து அருணேஷின் குரல் கேட்டது. நடந்ததெல்லாம் மனசை உறுத்தியதோ என்னவோ, தணிவாகத்தான் கேட்டான். "தாயும் தகப்பனும் காவல் நிக்கும்னீங்கல்ல. அப்ப இன்னொண்ணு இன்னும் அங்கயே இருக்குமா?"

ராமதாஸ் மண்வெட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு எல்லம்மாளோடு கரைமேல் ஏறி நடந்தான். முதுகுக்குப் பின்னால் ரப்பர் தவளை தண்ணீரில் விழுகிற சத்தம் கேட்டது. கொஞ்சம் விட்டு இன்னொரு தரம் கேட்டது. வாசலைத் தாண்டும்போது திறந்திருந்த ஜன்னல் வழியாக அன்பரசன் தெரிந்தான். பதிவேட்டில் அடுத்த வரியில் 44 என்று எழுதினான். பின்னால் மறந்துபோகாமல் இருக்க, 'உயிருடன் விடப்பட்டது' கட்டத்தில் இப்போதே டிக் அடித்துவைத்தான்.