வாய் திறந்த மோதிரங்கள்

பாஸ்கல் அச்சகத்தில் செபஸ்தியம்மாளுக்குப் பிழை பொறுக்குகிற வேலை. கல்யாணப் பத்திரிகையோ, கோயில் திருவிழா நோட்டீஸோ, அச்சுத்திரையில் ஏற்றுவதற்கு முன்னால் அந்தக் கறுப்பு வெள்ளைத் தாள் அவள் மேசைக்கு வரும். கால் உடைந்த எழுத்துக்குக் கால் வைப்பாள், விட்டுப்போன புள்ளியை மைப்பேனாவால் நிரப்புவாள். இந்த வேலையில் ஒரு அநியாயம் உண்டு. எல்லாம் சரியாக வந்தால் அப்படி ஒருத்தி இருப்பதே யாருக்கும் தெரியாது. ஒரு புள்ளி தப்பிவிட்டால் திண்டுக்கல் முழுக்க அவள் பேர்தான்.

அப்படிப்பட்டவளிடம்தான் வினோலியாவின் தாள் வந்து சேர்ந்தது. வினோலியா பக்கத்து ஊரான அகரத்துப் பெண், கல்லூரியில் ஆராய்ச்சி செய்கிறவள். படத்தையும், பெங்களூரிலிருந்து வரவழைத்த ஒரு சின்ன டப்பா வெள்ளி மையையும் முதலாளி பாஸ்கலிடம் கொடுத்து, கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாள்களில் அடிக்கச் சொல்லிவிட்டுப் பரீட்சை மேற்பார்வைக்கு ஓடிவிட்டாள். படம் முழுக்க வரிசை வரிசையாகச் சின்னச் சின்ன மோதிரங்கள். ஒவ்வொரு மோதிரத்திலும் ஒரு ஓரம் விட்டுப்போயிருந்தது.

செபஸ்தியம்மாளுக்குப் பகீரென்றது. வேதக்கார வீட்டுக் கல்யாணத்தில் இரட்டை மோதிரம் போடாத பத்திரிகை உண்டா? வெள்ளி மை, பிளாஸ்டிக் தாள் என்றால் பத்திரிகை உறையாகத்தான் இருக்கும் என்று அவளாகவே முடிவு கட்டிக்கொண்டாள். "அறுந்த மோதிரத்தோட ஒரு பொண்ணு பத்திரிகை குடுக்கவா? படம் போட்டவன் கண்ணு எங்க போச்சு?" என்று வைதுகொண்டே பேனாவை எடுத்து ஒவ்வொரு வாயாக மூடினாள். மூடும்போதெல்லாம் இந்தப் பிள்ளைக்கு நல்ல வாழ்க்கை அமையட்டும் என்று மாதாவிடம் ஒரு வார்த்தை வேறு. பாஸ்கலும் கவனிக்காமல் அடித்து முடித்துவிட்டார்.

மறுநாள் காலையில் வந்த வினோலியா ஒரு தாளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். அப்படியே காகிதக் கட்டின்மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"அக்கா, இதுல இருந்த இடைவெளியெல்லாம் எங்க?"

"நான்தான் பாப்பா மூடுனேன். அம்புட்டும் அறுந்துல்ல கெடந்துச்சு?"

அவள் கத்தியிருந்தால்கூடத் தேவலை. கத்தவில்லை. மெதுவாகச் சொன்னாள்: "செல்போன் அலை, வைஃபை அலையெல்லாம் சுவத்துல பட்டா திரும்பும்க்கா. ஆஸ்பத்திரி மிஷினுக்கெல்லாம் அது தொந்தரவு. இந்தத் தாள்ல பட்டா திரும்பாம இதுக்குள்ளயே அடங்கிரணும். அந்த வாயிலதான் அலை மாட்டும். மூடிட்டா இது வெறும் படம்தான்."

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடிந்த கதைதான். அன்று மத்தியானம் மதுரைப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு நேரம் ஒதுக்கியிருந்தார்கள். அதை விட்டால் அடுத்த வருஷம்தான். உதவித்தொகையோ அந்த மாதத்தோடு முடிகிறது. மையும் தீர்ந்துவிட்டது. பாஸ்கல் வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தார். செபஸ்தியம்மாள் மேசை டிராயரிலிருந்து பிளேடை எடுத்தாள்.

"மூடுனவ நான். தெறக்குறதும் நானே தெறக்குறேன். உன்கிட்ட இருக்குற மூடாத படத்த அடியில வையி பாப்பா, எடம் தெரியட்டும்."

பிளாஸ்டிக் கிழியாமல் வெள்ளியை மட்டும் மீன் செதில் மாதிரிச் சுரண்டி எடுக்க வேண்டும். இருவரும் குனிந்த தலை நிமிரவில்லை. பஸ்ஸுக்கு நேரமானபோது இரண்டு தாள் மிச்சமிருந்தது. செபஸ்தியம்மாள் சாப்பாட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே ஏறிவிட்டாள். ஓடுகிற பஸ்ஸில் கை நிற்காது என்பதால், வாடிப்பட்டியில் பஸ் செத்த நேரம் நின்றபோது ஒன்றை முடித்தாள். கடைசித் தாளை மடியில் வைத்தாள். பிளேடு இறங்கவில்லை. ஒவ்வொரு மோதிரத்துக்கும் ஜெபம் சொல்லி மூடியது. ஒன்று பாக்கியில்லாமல் அறுத்துப் போட்டால் இந்தப் பிள்ளைக்கு என்ன ஆகுமோ? ஒரு தாளாவது முழுசாக இருக்கட்டும் என்று சாப்பாட்டு டப்பாவுக்கு அடியில் அதைச் சொருகினாள். "முடிஞ்சிருச்சு பாப்பா" என்றாள். வாழ்க்கையில் சொன்ன பொய்களில் அதுதான் அவள் நெஞ்சை ரொம்ப உறுத்தியது.

பரிசோதனைக் கூடத்தில் பேராசிரியர் ஞானதாஸ் ஒரு தாளைத் தகட்டில் ஒட்டி, எதிரே புனல் மாதிரி இருந்த கருவியைத் திருப்பினார். கம்ப்யூட்டரில், திரும்பி வருகிற அலையைக் காட்டும் ஒரு கோடு சமமாகப் போய், நடுவில் கிணற்றுக்குள் விழுவதுபோல் விழுந்து, மறுபடி மேலே ஏறியது. வினோலியா செபஸ்தியம்மாளின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"நல்லா விழுங்குது. ஆனா விழுங்குறது அந்த இடைவெளிதான்னு எப்படிச் சொல்றீங்க?" என்றார் ஞானதாஸ். "பிளாஸ்டிக்கா இருக்கலாம், மையா இருக்கலாம். அதே மை, அதே அளவு, இடைவெளி மட்டும் இல்லாம ஒரு தாள் வேணும். அதையும் பார்த்தாத்தான் என்னால எழுதிக் குடுக்க முடியும்."

"அப்படி ஒன்னு இல்ல சார்" என்ற வினோலியாவின் முகம் வாடிவிட்டது. "மையும் தீந்துருச்சு."

செபஸ்தியம்மாளுக்கு முழுசாகப் புரியவில்லை. புரிந்த மட்டும் போதுமாக இருந்தது. சாப்பாட்டு டப்பாவைத் தூக்கி அந்தத் தாளை உருவினாள். ஓரத்தில் ஒட்டியிருந்த மோர்ச்சோற்றைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள்.

"கோவிச்சுக்காத பாப்பா, பொய் சொல்லிட்டேன். ஒரு தாள மட்டும் அறுக்க மனசு வரல. உன் கல்யாணத்த நெனச்சு வச்சுட்டேன்."

வினோலியா அந்தத் தாளையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு ஓடிப்போய்த் தானே தகட்டில் ஒட்டினாள். கோடு கிளம்பியது. கிணறு இருந்த இடத்தைச் சமமாகவே தாண்டிப் போய்விட்டது. ஞானதாஸ் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார்.

"போதும்மா. இனி ஒருத்தரும் கேள்வி கேக்க முடியாது."

திரும்பி வரும் பஸ்ஸில் வினோலியா அவள் தோளில் சாய்ந்துகொண்டாள். "நீங்க மூடாம இருந்திருந்தா என்கிட்ட இந்தத் தாளே இருந்திருக்காதுக்கா. ரொம்ப நன்றிக்கா."

எத்தனை பத்திரிகையில், எத்தனை நோட்டீஸில் 'நன்றி' என்ற வார்த்தைக்குச் சுழி திருத்திக் கொடுத்திருக்கிறாள் செபஸ்தியம்மாள்! அதை ஒருவர் வாயால் அவளிடம் சொல்ல இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது, அதுவும் அவள் செய்த பிழைக்காக. ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். திட்டாத பிள்ளையைக் கொடுத்ததற்கு மாதாவுக்கு மனசாரத் தோத்திரம் சொன்னாள்.

"சரி பாப்பா, நெசப் பத்திரிகை எப்ப அடிக்கப் போற?"

"எப்ப அடிச்சாலும் உங்ககிட்டத்தான்க்கா. அந்த மோதிரத்த மட்டும் நல்லா மூடிருங்க."