செக்கிங் நாள்

"காலை வெளியில வச்சியெண்டா பார்!" என்று செல்வராசா வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்.

அந்த வீட்டுக்கு அது ஒன்றுதான் வாசல். ஒரே அறை, மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை. மகள் தர்ஷிகா தோளில் பையோடு உள்ளே நின்றாள். அம்மா யோகம் அடுப்பில் தேத்தண்ணி பொங்குவதைக்கூடக் கவனிக்காமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"பன்னண்டு மணிக்குள்ள வரலன்னா சீட்டு அடுத்த பொண்ணுக்குப் போயிடும்பா. நர்சிங்குக்கு இந்த வருசம் இதான் கடசி."

"இண்டைக்குச் செக்கிங். தெரியுந்தானே?"

தெரியும். அது தெரியாத குழந்தை அங்கே கிடையாது. பாகலூர் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி, தக்காளித் தோட்டங்களுக்கு நடுவே இருக்கிறது அந்த இலங்கைத் தமிழர் முகாம். மாதத்தில் ஏதாவது ஒரு நாள் வருவாய் ஆய்வாளர், ஆர்.ஐ., வருவார். எந்த நாள் என்று முந்தின நாள் சாயங்காலம்தான் தெரியும். அவர் வந்து பேர் கூப்பிடும்போது முகாமில் உள்ள அத்தனை பேரும் வரிசையில் நிற்க வேண்டும். நிற்காதவர் பேரை அடித்துவிட்டால் அரிசி நிற்கும். அதைவிடப் பெரிது, அப்புறம் இந்த நாட்டில் அவர் யார் என்று சொல்ல ஒரு காகிதமும் இருக்காது.

செல்வராசா பட்டவர். பெங்களூரில் பெயிண்ட் அடிக்கப் போயிருந்தபோது ஒரு தடவை செக்கிங்குக்கு வர முடியாமல் போய்விட்டது. அடித்த பேரைத் திரும்ப எழுத வைக்க அவர் ஆபீஸ் ஆபீசாக ஏறி இறங்கியது தர்ஷிகாவுக்கும் ஞாபகம் இருக்கிறது. அதிலிருந்து செக்கிங் என்றால் சாரத்தில் இருந்தாலும் இறங்கி, முதல் பஸ்ஸில் வந்துவிடுவார்.

"நான் பொறந்ததே ஓசூர் ஆஸ்பத்திரிலதான்பா. படிச்சதும் இங்கதான். என்னைய எதுக்கு இன்னும் எண்றாங்க?"

"சும்மா கதைக்காதை. பேர் போனா எல்லாம் போச்சு."

வெளியே ஸ்கூட்டி ஹாரன் கேட்டது. தர்ஷிகாவோடு பிளஸ் டூ படித்த கவிப்ரியா, பாகலூர்ப் பெண். "ஏய் தர்ஷி, வர்றியா இல்லியா? பெட்ரோலு எங்கப்பனுது, நேரம் என்னுதுடி!"

யோகம் அடுப்பை அணைத்துவிட்டுப் புருசன் முன்னால் வந்து நின்றாள்.

"விடுங்கோ."

"உனக்கென்ன விசரோ?"

"வரேக்க, படகில பாரமெண்டு என்ர பள்ளிக்கூடப் பையக் கடலுக்குள்ள எறியச் சொன்னவை. பத்து வயசு எனக்கு. எறிஞ்சனான். இவளின்ர பைய எறிய என்னால ஏலாது."

செல்வராசா கொஞ்சம் ஒதுங்கினார். தர்ஷிகா பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அந்த இடுக்கில் நுழைந்து ஓடினாள்.

எட்டு மணிக்கே ஜனம் வரிசையில் நின்றுவிட்டது. ஆர்.ஐ. ராஜேஷ்குமாரின் ஜீப் வந்தபோது வெயில் மண்டையைப் பிளந்தது. அவருக்குப் புங்கமரத்தடியில் மேசை போட்டிருந்தார்கள். கிராம உதவியாளர் முனிராஜ் ரெஜிஸ்டரைப் பிரித்துப் பேர் கூப்பிடத் தொடங்கினார்.

யோகம் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. ஆனால் ஸ்கூட்டி போனதை முகாமே பார்த்திருந்தது. அன்றைக்கு யாருக்கும் சீக்கிரம் காது கேட்கவில்லை. ஒருத்தி முகாம் அட்டையை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தாள். இன்னொருத்தி மகனைக் காணோம் என்றாள்.

"எங்கம்மா போனான்?" என்றார் ஆர்.ஐ.

"கக்கூசுக்கு, ஐயா."

"போன வூட்லயும் கக்கூசுதான் சொன்னாங்க. கேம்புக்கே வயித்தால போவுதா?"

"இருக்கிறது ரெண்டு, ஐயா. அதில ஒண்டுக்குக் கதவில்ல. லைன் நிக்குது."

முனிராஜ் சிரிப்பை அடக்கத் தலையைக் குனிந்துகொண்டார். ஆனாலும் எவ்வளவு நேரம்தான் இழுக்க முடியும்? முறை வந்துவிட்டது.

"செல்வராசா."

"இருக்கிறன்."

"யோகேஸ்வரி."

"இருக்கிறன்."

"தர்ஷிகா."

பதில் இல்லை. "காய்ச்சலெண்டு சொல்லு" என்று பின்னாலிருந்து யாரோ கிசுகிசுத்தார்கள். செல்வராசாவும் அதைத்தான் சொல்ல வாயெடுத்தார். ஆனால் வந்தது வேறு.

"காலேஜுக்குப் போயிட்டாள், ஐயா. நர்சிங் சீட்டு. இப்ப வந்துடுவாள். கொஞ்சம் பொறுத்தியளெண்டா..."

"நான் பொறுக்கணுமா? எனக்கு வேற வேல இல்லியா?" ஆர்.ஐ. பேனாவை எடுத்தார். "செக்கிங் அன்னிக்கி ஆளு இருக்கணும். இல்லன்னா இல்ல. அவ்ளோதான்."

சிவப்பு மையில் ஒரு கோடு. அதற்கு ஒரு நொடிகூட ஆகவில்லை.

இன்னும் சில வீடுகள் மீதி இருக்கும்போதே ஸ்கூட்டி புழுதியோடு உள்ளே வந்தது. தர்ஷிகா குதித்து ஓடி வந்தாள்.

"சார், வந்துட்டேன் சார்! தர்ஷிகா!"

"இல்லன்னு போட்டாச்சும்மா."

"இங்கதான சார் நிக்கறேன்?"

"நிக்கற. கூப்டறப்ப நிக்கலியே."

கவிப்ரியாவுக்குப் பொறுக்கவில்லை. "சார், நானும் இவகூடதான் காலையில போனேன். என்னைய யாரும் எண்ல. மார்க்கும் இவள விட எனக்குக் கம்மிதான்."

"நீ யாரும்மா?"

"பாகலூரு."

"அப்ப பாகலூரு போய்ச் சேரு."

தர்ஷிகா மேசைக்குப் பக்கத்தில் போனாள். "சீட்டு குடுத்துட்டாங்க சார். கேம்புல இருக்கறேன்னு உங்க கையெழுத்து மட்டும் வாங்கிட்டு திங்கக்கெழம வரச் சொன்னாங்க."

"கேம்புல இல்லாத பொண்ணுக்கு நான் எப்டிம்மா கையெழுத்து போடறது?"

அவர் கிண்டலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே அது எப்படி முடியும் என்றுதான் கேட்டார். தர்ஷிகா திரும்பி வந்து அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவில் நின்றாள்.

மீதிப் பேர்களும் முடிந்தன. முனிராஜ் ரெஜிஸ்டரை மூடினார்.

"முடிஞ்சிது. எல்லாம் போலாம்" என்றார் ஆர்.ஐ.

மற்ற நாளில் அந்தச் சொல்லுக்கு வரிசை சிதறி ஓடும். வேலைக்குப் போக வேண்டியவர்கள், தண்ணீர் பிடிக்க வேண்டியவர்கள், பிள்ளைகளைப் பசியோடு விட்டுவிட்டு வந்தவர்கள். அன்றைக்கு ஒருவரும் நகரவில்லை. கக்கூசுக்குப் போனதாகச் சொன்ன பையன்கள்கூட வரிசையில் நின்றார்கள்.

ஆர்.ஐ. ஜீப்பில் ஏறி உட்கார்ந்தார். டிரைவர் வண்டியைக் கிளப்பினார். வரிசை முகாம் கேட் வரைக்கும் நீண்டு வழியை மறித்து நின்றது. ஜீப் வெளியே போக வேறு வழி இல்லை.

"யோவ், போலாம்னு சொன்னேன் இல்ல?"

செல்வராசா காலையில் வீட்டு வாசலில் நின்ற மாதிரியே இப்போதும் நின்றார். குரலை உயர்த்தவில்லை.

"செக்கிங் இன்னும் முடியேல்ல, ஐயா. ஒரு ஆள் மிச்சம்."

டிரைவர் ஒருதரம் ஹாரன் அடித்தார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் எஞ்சினை அணைத்தார்.

வெயிலில் காத்து நிற்க அந்த ஜனங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆர்.ஐ. ராஜேஷ்குமார்தான், அந்த முகாமுக்கு வரத் தொடங்கியதிலிருந்து முதல் தடவையாக, கைக்கடிகாரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.