ஐந்தாவது பேரிங்

முப்பதாயிரம் மணி நேரம் ஓடியதும் எஞ்சினை நிறுத்திக் கழற்றி முழுதாக ஓவர்ஹால் செய்ய வேண்டும் என்று அதோடு வந்த புத்தகத்தில் அச்சடித்திருந்தது. எங்கள் இயக்குநர் சூயுன்பாய் அதைத் திட்ட இலக்கு என்று படித்துக்கொண்டார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. அந்தக் காலத்தில் எங்கள் நாட்டில் காகிதத்தில் எந்த எண்ணைக் கண்டாலும் அதை மிஞ்சிக் காட்டுவதுதான் வழக்கம். நூறு டன் தாது என்றால் நூற்றுமுப்பது. ஆயிரம் ஆட்டுக்குட்டி என்றால் ஆயிரத்து இருநூறு. அந்த இருநூறும் காகிதத்திலேயே பிறந்து, காகிதத்திலேயே மேய்ந்து, பனிக்காலத்தில் காகித ஓநாய் தின்று செத்துப்போகும். அந்தப் பழக்கத்தில் சூயுன்பாய், எஞ்சினை ஒரு தடவைகூடப் பிரிக்காமல் நாற்பதாயிரம் மணி ஓட்டிக் காட்டுகிறேன் என்று மேலிடத்துக்கு எழுதினார். மேலிடமும் அதே பள்ளியில் படித்ததுதான். வாழ்த்துத் தந்தி வந்தது.

மலைக்கு மேலே எங்கள் சுரங்கம். கீழேயிருந்து மின்கம்பி வரவில்லை. சுரங்கத்துக்கும் முந்நூறு வீடுகளுக்கும் வெளிச்சமும் வெந்நீரும் அந்த ஒரே டீசல் எஞ்சின் கொடுத்ததுதான். ஆறு சிலிண்டர். ஒருமுறை அதன் பழைய பிஸ்டன் ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு நாற்பது பேருக்குப் புலாவ் சமைத்தோம். நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். புலாவில் டீசல் வாசம் கொஞ்சம் தூக்கலாகத்தான் இருந்தது. ஜனவரியில் டீசல் உறைந்துவிடும். கோடாரியால் வெட்டி, முதுகில் சுமந்து வந்து, அடுப்பில் உருக்கி ஊற்றுவோம். நான் சுவிட்ச்போர்டு பார்த்தேன். எஞ்சினைப் பார்த்துக்கொண்டது மெக்கானிக் தோலோமுஷ்.

பெரிய டீசல் எஞ்சின் அவ்வளவு சுலபத்தில் சாகாது. ஐந்நூறு மணிக்கு ஒரு தடவை ஆயில், ஆயிரத்தைந்நூறுக்கு இன்ஜெக்டர், ஆறாயிரத்துக்குப் பிஸ்டன் வளையம் என்று வேளாவேளைக்குக் கவனித்தால் அதைக் கவனித்த ஆளைப் புதைத்துவிட்டும் ஓடும். சாவு என்று ஒன்று வந்தால் அது பேரிங் வழியாகத்தான் வரும். உள்ளே சுழலும் கிராங்க் தண்டை ஏழு பேரிங்குகள் தாங்குகின்றன. ஒவ்வொன்றின் உட்புறத்திலும் மெல்லிய உலோகப் பூச்சு. தண்டு அந்தப் பூச்சைத் தொடுவதேயில்லை. நடுவில் முடியளவு ஆயில், அதில் மிதந்துகொண்டு சுற்றுகிறது. பூச்சு தேய்ந்தால் இடைவெளி அகலும், ஆயில் நழுவிப்போகும், இரும்பு இரும்பைத் தொடும். அதற்குப் பிறகு நிமிடக் கணக்குத்தான்.

தோலோமுஷுக்கு இருபது வருஷ எஞ்சின் சத்தத்தில் காது சுத்தமாகப் போயிருந்தது. நாம் பேசுவதை உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வான். எஞ்சினைப் பல்லால் கேட்டான். ஒரு முழ நீளத்தில் வாதுமைக் குச்சி வைத்திருந்தான். ஒரு நுனியை எஞ்சின் மேல் வைத்து மறுநுனியைக் கடித்துக்கொண்டால், சத்தம் பல் வழியாக, தாடை வழியாக மண்டைக்குள் ஏறும். கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு பேரிங்காகக் கேட்பான். வீட்டிலும் இதே வேலைதான். மனைவி சாய்ரகுல் வைவதைக் கேட்பதற்காகக் குச்சியை அவள் தாடையில் வைத்து மறுநுனியைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அவளும் அசையாமல் நின்று, முழுக்க வைது முடித்துவிட்டுத்தான் நகர்வாள்.

முப்பத்தொன்பதாயிரத்தை நெருங்கும்போது ஐந்தாவது பேரிங் தேய்ந்து தட்டுகிறது என்று சொல்ல ஆரம்பித்தான். செவிடன் அல்லவா, அவனுக்குச் சொல்வது என்றால் கத்துவதுதான். சாப்பாட்டுக்கூடத்தில் கத்தினான். கடைத்தெருவில் கத்தினான். ஒரு மய்யத்து வீட்டில், செத்தவரின் தம்பி தோளைத் தொட்டு ஆறுதல் சொல்லிவிட்டு, அதே மூச்சில் ஐந்தாவது பேரிங்கைப் பற்றியும் சொன்னான்.

சூயுன்பாய் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். ஏப்ரலில் மேலிடத்திலிருந்து ஆய்வுக் கமிஷன் வருகிறது, பதக்கத்தோடு வருகிறது என்றார்.

"இவன் கமிஷன் மூஞ்சியிலேயே கத்துவான், ஜாகிப்."

"கமிஷன் வர்றதுக்கு முன்னாலேயே நிறுத்திப் பிரிச்சுட்டா என்ன, தலைவரே?"

"பிரிச்சா மணி மீட்டர் பூஜ்யத்துலேந்து ஆரம்பிக்கும். பூஜ்யத்துக்கு எவன் பதக்கம் குடுப்பான்?"

தோலோமுஷை வேலையை விட்டு நீக்கவும் வழியில்லை. சிறந்த தொழிலாளிகளுக்கான கௌரவப் பலகையில் அவன் படம் ஒன்பது வருஷமாக மாட்டியிருந்தது. அப்போது நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை.

"அவன் வாயை அடைக்கணும்னா தங்கத்தாலதான் அடைக்கணும்" என்றேன்.

வேடிக்கைக்குச் சொன்னதுதான். அவர் சிரிக்கவில்லை. பேனாவை எடுத்துக் குறித்துக்கொண்டார். அதற்குப் பிறகு இசிக்குல் ஏரிக்கரை ஓய்வில்லத்தில் இருபத்துநாலு நாள் தங்குவதற்கு ஒரு சீட்டு இருப்பதாகவும், அதில் இன்னும் பெயர் எழுதவில்லை என்றும் சொன்னார்.

எங்கள் பக்கத்தில் மரியாதையுள்ள ஆள் என்றால் வாயில் தங்கம் மின்ன வேண்டும். கணக்குப்பிள்ளைக்கு நான்கு தங்கப் பல். லாரி டிரைவருக்கு ஆறு. கௌரவப் பலகையில் படம் தொங்கும் தோலோமுஷுக்கு மட்டும் ஏழைக்கு இருப்பதுபோல முழு வாயும் வெள்ளைப் பல். குதிரைக்குக்கூட அவ்வளவு உறுதியாக இருக்காது. அந்தக் குறை அவனுக்கு உள்ளுக்குள் இருந்தது. நிறுவனச் செலவில் இருபத்தெட்டும் தங்கமாக மாற்றித் தருகிறோம் என்றதும் முகம் மலர்ந்து, உடனே சந்தேகப்பட்டான். குச்சியைக் காட்டினான்.

"இது கேக்குமா?"

அவன் என்னிடம் கேட்டதற்குக் காரணம் உண்டு. நான் கரண்டுக்காரன்; எதில் எது ஓடும் என்று எனக்குத் தெரியும் என்பது அவன் நம்பிக்கை. உதடு தெளிவாகத் தெரியும்படி நிறுத்தி நிறுத்திச் சொன்னேன்.

"எலும்புல கரண்டு ஓடுமா? ஓடாது. தங்கத்துல ஓடும். சத்தமும் அப்படித்தான்டா. இப்ப நீ கேக்கறது திரைக்குப் பின்னால நின்னு கேக்கற மாதிரி. தங்கம் வந்தா அஞ்சாவது பேரிங் இன்னும் எத்தனை மணி தாங்கும்னு அதுவே உன்கிட்ட சொல்லும்."

"அப்ப கமிஷன்கிட்ட கணக்காச் சொல்லிடலாம்" என்றான். சந்தோஷத்தில் என் தோளில் அடித்தான். ஒரு வாரம் வலித்தது.

பல் டாக்டர் ஒரு பெண்மணி. கீழே ஊரிலிருந்து வரவழைத்தோம். பல்லைப் பிடுங்காமலேயே மேலே தங்க உறை போடலாமே என்று அவள் இயக்குநரிடம் கேட்டிருக்கிறாள். முழு செட்தான் வேண்டும், கழற்றி மாட்டுகிற மாதிரி, உத்தரவு அப்படி என்று அவர் சொல்லிவிட்டார். மூன்று நாள் பிடுங்கினாள். இரண்டாவது நாள் குறடு வளைந்தது. கடைசிக் கடைவாய்ப் பல்லுக்கு என்னையும் லாரி டிரைவரையும் கூப்பிட்டாள். நான் தலையைப் பிடித்தேன், டிரைவர் காலைப் பிடித்தான், லாரியை மட்டும்தான் கட்டவில்லை. பிடுங்கினதையெல்லாம் தட்டில் பார்த்தேன். ஒன்றில்கூடச் சொத்தை இல்லை. தங்கத்துக்கு மேலிடம் அனுமதி தரவில்லை என்பதால் மஞ்சள் பூச்சுப் பூசிய பல்செட் வந்தது. தூரத்திலிருந்து பார்த்தால் தங்கம்தான்.

செட் மாட்டிய அன்று விருந்து. ஆட்டுத்தலையை அவன் முன்னால் வைத்தோம். பெரியவருக்கு அதுதான் மரியாதை. கன்னக்கறியைக் கடித்து இழுத்தான். கறியோடு மேல்செட்டும் கையில் வந்தது. கூடமே சிரித்தது. எல்லோரிலும் அதிக நேரம் சிரித்தவன் நான். அவனும் சிரித்தான், ஈறு தெரிய.

மறுநாள் எஞ்சின் பக்கத்தில் போய்க் குச்சியைக் கடித்தான். ஐந்தாவது பேரிங்கில் சத்தமில்லை. முகம் பிரகாசமானது. நான்காவதைக் கேட்டான், சத்தமில்லை. ஆறாவதிலும் இல்லை. ஓடுகிற எஞ்சினில் சத்தமே இல்லை என்பது எந்த மெக்கானிக்குக்கும் நல்ல செய்தி கிடையாது. செட்டை இறுக்கிக் கடித்தான். கழற்றிவிட்டு ஈறால் கடித்தான். ரத்தம் வந்தது, சத்தம் வரவில்லை. அன்று சாயங்காலம் வீட்டில் நடந்ததைச் சாய்ரகுல்தான் பிறகு சொன்னாள். குச்சியை அவள் தாடையில் வைத்திருக்கிறான். அவள் வைதிருக்கிறாள். கண்ணைக் காட்டி, இன்னும் வை என்றிருக்கிறான். தெரிந்த வசவெல்லாம் தீர்ந்துபோய், அவன் செத்துப்போன அப்பாவையும் இழுத்து வைது, கடைசியில் அவள் அழுதிருக்கிறாள். அதை மட்டும் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொண்டான்.

என்மேல் அவனுக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். முப்பத்தொன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதாவது மணியில் குச்சியைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தான்.

"உனக்குக் காது இருக்கு. நீ கேட்டுச் சொல்லு. தட்டுச்சுன்னா இப்பவே நிறுத்திடறேன், என்ன ஆனாலும் ஆகட்டும். தட்டலைன்னா நான் வாயைத் திறக்க மாட்டேன்."

குச்சியை ஐந்தாவது பேரிங் மேல் வைத்துக் காதை ஒட்டினேன். எனக்கு மெக்கானிக் வேலை தெரியாது. ஆனால் அதைக் கேட்க எந்த வேலையும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பூட்டிய கதவை உள்ளேயிருந்து ஒரு ஆள் முஷ்டியால் இடிக்கிற மாதிரி இருந்தது. நிதானமாக, விடாமல்.

அவன் என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு ஏரி ஞாபகம் வந்தது. ஜூலை மாதம், வெந்நீர்க் குளியல், இருபத்துநாலு நாள்.

"ஒண்ணுமில்லைடா" என்றேன்.

பதிவேட்டில் தன் கையாலேயே எழுதினான்: ஐந்தாவது பேரிங் கேட்கப்பட்டது, சத்தம் இல்லை. கையெழுத்துப் போட்டான். அதோடு நிம்மதியாகச் சாப்பிடப் போனான்.

கமிஷனில் ஐந்து பேர் வந்தார்கள். மணி மீட்டர் நாற்பதாயிரத்தைத் தொட்டதும் பள்ளிக்கூட வாத்தியக் குழு வாசித்தது, சூயுன்பாய் பேசினார். படம் எடுப்பதற்காகத் தோலோமுஷை எஞ்சினை ஒட்டி நிறுத்தினார்கள். சிரிக்கச் சொன்னார்கள், மஞ்சள் பல் படத்தில் விழ வேண்டுமாம். நாற்பதாயிரம் மணியும் ஒன்பது நிமிடமும் ஆகியிருந்தபோது அவன் சட்டென்று தன் காலைக் குனிந்து பார்த்தான். தரை வழியாக என்னவோ தெரிந்திருக்க வேண்டும். நாங்கள் வாசல் பக்கம் நின்றோம். அவன் வாசலுக்கு வரவில்லை, நிறுத்துகிற நெம்புகோலுக்கு ஓடினான். ஐந்தாவது பேரிங்குக்கு நேரேயிருந்த இரும்பு மூடி பறந்தது, பின்னாலேயே தீயும் கொதிக்கிற ஆயிலும் வந்தன. அதற்குள் நெம்புகோலை இழுத்திருந்தான். இழுக்காமல் விட்டிருந்தால் கூரையும் போயிருக்கும், கமிஷனும் போயிருக்கும் என்று விசாரணையில் சொன்னார்கள். ஆயில் முகத்தில் அடித்தது. உயிர் தங்கியது, இரண்டு கண்ணும் போயின.

விசாரணை சீக்கிரம் முடிந்தது. பதிவேடு இருந்தது, கையெழுத்து இருந்தது. மெக்கானிக்கின் கவனக்குறைவு, அதற்குரிய தண்டனையை அவர் ஏற்கெனவே அடைந்துவிட்டார், மேல் நடவடிக்கை தேவையில்லை என்று எழுதினார்கள். கௌரவப் பலகையில் அவன் படம் இருந்த இடம் காலியானது. நாற்பதாயிரமும் ஒன்பது நிமிடமும் சாதனைதான் என்று கமிஷன் முடிவு செய்ததால் சூயுன்பாய்க்குப் பதக்கமும் தலைநகரில் பதவியும் கிடைத்தன. நான் ஏரிக்குப் போனேன். நன்றாக இருந்தது. இரண்டு கிலோ எடை கூடினேன்.

திரும்பி வந்த பிறகு அவனைப் பார்க்கப் போனேன். ஒரு பெட்டி மிட்டாய் வாங்கிக்கொண்டுதான் போனேன், வெறும் கையோடு போகவில்லை. காதும் இல்லை, கண்ணும் இல்லை. சாய்ரகுல் ஒவ்வொரு எழுத்தாக அவன் உள்ளங்கையில் விரலால் எழுதுவாள். அப்படித்தான் அவனோடு பேச முடியும். என் பெயரை எழுதினாள். அவன் என் பக்கம் இல்லாத ஒரு பக்கமாகத் திரும்பி, பழையபடி கத்தினான்.

"ஜாகிப், ஒண்ணே ஒண்ணு. அன்னைக்கு நிஜமாவே தட்டலையா?"

அவன் கை விரிந்தபடி நீண்டிருந்தது. நான் அவளைப் பார்த்தேன். அவள் என் விரலைப் பார்த்தாள். நான் எழுதினேன். மூன்றே எழுத்து.

இல்லை.

அவன் நீளமாக மூச்சு விட்டான். தோள் இரண்டும் இறங்கின.

"அப்ப சரி. காதுள்ள உனக்கே கேக்கலைன்னா எந்தப் பல்லுக்கும் கேட்டிருக்காது. வீணா பல்லைக் குடுத்துட்டோமேன்னு ராத்திரியெல்லாம் முழிச்சுக் கிடந்தேன்."

தேநீர் கொடுத்தாள். குடித்தேன். கிளம்பும்போது அவள் வாசல் வரைக்கும் வந்தாள். அவன் காதில் விழாது என்று தெரிந்தும் குரலைத் தாழ்த்தினாள்.

"தட்டுச்சு, இல்ல?"

நான் செருப்பைத் தேடினேன். காலடியில்தான் இருந்தது.

"அவருக்கு நிக்காதுண்ணே. தூங்கி எந்திரிச்சா மறுபடியும் சந்தேகம் வந்துடும். நான் எழுதினா நம்ப மாட்டார். வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை வாங்க. வந்து, இதையே எழுதிட்டுப் போங்க."

அவன் சாகிறவரைக்கும் போனேன். பதினான்கு வருஷம். ஜனவரியில்கூட ஒரு வெள்ளிக்கிழமையையும் விட்டதில்லை. விடப் பார்த்தால் அவளே வந்து கதவைத் தட்டிக் கூட்டிக்கொண்டு போவாள்.